பேசும் குழாயின் கீழ் முனை

ஞாயிறு மலரில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. "குன்று மேல போர்க்காலத் தலைமையகம் இடிஞ்சு கிடக்குதே, அதைப் போய்ப் பார்த்துட்டு வா. எவ்வளவு கூட்டம் வருது, யார் யார் வர்றாங்க, நல்லா கலகலப்பா எழுதிக் குடு" என்றார் செய்தி ஆசிரியர். கூட்டம் எனக்குப் புதிதல்ல. மறியல், தீ விபத்து, தேர்தல் முடிவு என்று எந்தக் கூட்டத்திலும் முழங்கையால் வழி செய்துகொண்டு முன்வரிசைக்குப் போய்விடுவேன். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியபோது என்னோடு இறங்கியவர் ஒரே ஒரு ஆள்.

ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் மடக்குக்குடை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வீடுவீடாக ஏறி இறங்கிப் பழகியவர் போல வேகமாக மேட்டில் ஏறினார். நான் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் வாசல் மரத்தடியில் நின்று, டிக்கெட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு பெண். சேலைக்கு மேல் முழுக்கைக் காக்கிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஐம்பதுக்கு மேல் இருக்கும். டிக்கெட் கிழிப்பது, பெருக்குவது, காவல் காப்பது, சுற்றிக்காட்டுவது எல்லாம் அவர்தான். கீழே இருக்கும் ஊரில் அவரைக் கர்னல் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

"அந்தப் பேரை யாரு வெச்சாங்கக்கா?"

"பள்ளிக்கூடப் பசங்க. சண்டை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க, இன்னும் சரணடையாம இருக்கற ஒரே ஆள் நான்தானாம்." சிரிக்காமல் சொன்னார். "முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், சம்பளம் குடுக்காம பதவி உயர்வு குடுத்திருக்காங்க, வேண்டாம்னா சொல்றது?"

வெயில் ஏறியிருந்தது. "கொஞ்சம் தணியட்டும், டீ போடறேன்" என்று தன் அறைக்குக் கூட்டிப் போனார். முன்பு அது காவலர் அறை. துப்பாக்கியை வெளியே நீட்டுவதற்காகச் சுவரில் விட்டிருந்த நீளத் துளையில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மணல்மூட்டை அடுக்கக் கட்டிய மேடையில் அடுப்பு. இரும்புக் கட்டில், ரேடியோ, இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்காருகிற இடம் தேய்ந்து பளபளத்தது. மற்றதில் செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்தார். அதை எனக்காக எடுத்துக் கீழே வைத்தார்.

அவருடைய கணவர் இங்கே காவலாளியாக இருந்தவர். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். இந்த இடத்தைப் பராமரிக்கிற துறையில் இரக்கப்பட்டு அந்த வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். "அவர் சட்டையையும் சேர்த்துக் குடுத்தாங்க. கை நீளம். மடிச்சு விட்டுக்கிட்டேன். ஒரு வருஷம் பார்க்கலாம், அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன்." குழந்தை இல்லை. சுற்றிக்காட்ட ஆள் போடுவதாகத் துறை சொல்லிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் இந்தத் தனிமையைப் பார்த்துவிட்டு மறுவாரமே போய்விட்டார்கள். கடைசியில் அச்சடித்த விளக்கத்தை இவரே மனப்பாடம் செய்துகொண்டார்.

"யாரும் வராத நாளும் இருக்குமே?"

"அதுதானேம்மா அதிகம். அன்னைக்கும் ஒரு தடவை சுத்திக் காட்டிடுவேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. வாய் மறந்துடும்ல?"

அப்போது போன் அடித்தது. அண்ணி. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு டீயை வடிகட்டினார். "என்ன நாத்தனாரே, அந்தப் பேய் பங்களால இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்றது குரல். "இருக்கேன் அண்ணி. பேயெல்லாம் நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கே ஓடிப்போச்சு." அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. அண்ணன் பேரன் வயிற்றுவலி, தண்ணீர் லாரி வராதது என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பிறகு "சரி, வெச்சிடறேன்" என்றார்கள். போன் அணைந்த பிறகும் கர்னல் அதையே கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று தம்ளர். ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். மூன்றாவதை வெளியே கொண்டுபோய் மரத்தடி மதில்மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார். குடைக்காரர் அதை எடுத்துக் குடித்தார். குழாயடியில் தம்ளரைக் கழுவினார். அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார்.

"தெரிஞ்சவரா?"

"மீட்டர்காரர். கரண்ட் ஆபீஸ்ல இருந்தார். இங்கயும் மீட்டர் பார்க்க வருவார். நம்பரைப் பார்ப்பார், எழுதுவார், 'பில் வரும்'னு சொல்லுவார், போயிடுவார். நாம வாயைத் திறக்கறதுக்குள்ள கேட்டைத் தாண்டியிருப்பார். ஊர்ல எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கும், எந்த வீட்லயும் உட்காரச் சொன்னதில்ல." அடுப்பைத் துடைத்தார். "வீட்டம்மா தவறிட்டாங்க. ரிட்டயர் ஆனதுல இருந்து புதன்கிழமை புதன்கிழமை வர்றார். டிக்கெட் எடுத்துத்தான் வருவார்."

"எதுக்கு வர்றார்?"

"சரித்திரத்துல ஆர்வமாம்" என்றார், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டு.

வெயில் தணிந்ததும் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். சாவிக்கொத்தைக் கையில் எடுத்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "இது அதிகாரிகளின் உணவுக்கூடம். குண்டுவீச்சில் கூரை இடிந்தது. நடுவில் காணப்படும் மரம் பின்னாளில் தானே முளைத்தது." அச்சடித்த தமிழ், ஏற்ற இறக்கம் இல்லாமல். நான்கு சுவர், மேலே வானம், நடுவில் மரம். உடைந்த தரையில் மேசைக் கால்கள் பதிந்திருந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மீட்டர்காரர் எங்களுக்கு மூன்றடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ முறை கேட்டதை இன்றுதான் கேட்பவர் போல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். இருவரும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிறகு இரும்புக் கதவைத் திறந்து சுரங்கத்துக்குள் இறங்கினோம். குளிர் முகத்தில் அறைந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டே முன்னால் போனார். வரைபட அறையில் வரைபடம் இல்லை. ஊசி குத்திய தடங்கள் மட்டும் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல இருந்தன. அடுத்தது தளபதியின் அறை. ஒரு கல்மேசை, அதற்குப் பக்கத்தில் சுவரிலிருந்து வெளியே நீண்ட பித்தளைக் குழாய். அதன் வாய் புனல் போல விரிந்திருந்தது.

"இது பேசும் குழாய். தொலைபேசிக் கம்பிகள் அறுபட்டால் தளபதி இதன் வழியே கீழ்த்தளத்திலுள்ள இணைப்பகத்துடன் பேசுவார். இன்றும் இயங்குகிறது. பார்வையாளர்களில் ஒருவர் இங்கேயே நிற்கலாம். மற்றவர் என்னுடன் கீழே வரலாம்."

சொல்லி முடிப்பதற்குள் மீட்டர்காரர் குழாயருகே போய் நின்றுகொண்டார். கர்னல் என்னை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இணைப்பகம் என்பது ஒரு சின்ன அறை. தொலைபேசிப் பலகை பிடுங்கப்பட்ட சுவர், கால் உடைந்த ஸ்டூல், காது உயரத்தில் குழாயின் மறுமுனை. "நீங்க கேளுங்கம்மா" என்றார்.

"நீங்க கேட்கலையா?"

"எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு." கதவோரம் போய், ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த பல்பைத் திருகிச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

நான் காதை வைத்தேன். முதலில் மூச்சுச் சத்தம். பிறகு, அண்டாவுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்த குரல்.

"நான்தான். பக்கத்துல யார் இருந்தாலும் சரி, சுருக்கமா சொல்லிடறேன், இழுத்தா சொல்ல வராது. ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போறேன். ரொம்ப தூரம். போனா திரும்பி வருவேனான்னு தெரியல. சாமான் எல்லாம் கட்டியாச்சு, வீட்டுச் சாவியை மட்டும் இன்னும் குடுக்கல. நீங்க இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இருந்துடுவேன். சொல்லலைன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். அவ்வளவுதான்."

குழாய் அமைதியானது. பெரிய மனிதர்கள் ரகசியமாகப் பேசியதை எத்தனையோ முறை ஒட்டுக்கேட்டு அச்சில் ஏற்றியிருக்கிறேன். இதைக் கேட்டதும் அடுத்த வீட்டுத் தபாலைத் தவறுதலாகப் பிரித்துவிட்டது போல இருந்தது. காதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். கர்னல் என் முகத்தைப் பார்த்தார். பல்பிலிருந்து கையை எடுத்தார்.

"சொல்லாதீங்க" என்றார்.

"அக்கா..."

"என்ன சொல்லியிருப்பார்னு தெரியும். ஒரு மாசமா சொல்ல வர்றார். நான்தான் கேட்க விடல."

ஸ்டூலைச் சுவரோடு சாய்த்து வைத்து அதில் உட்கார்ந்தார். அப்போது அவர் பேசியது அச்சுத் தமிழ் இல்லை.

"முதல் தடவை வந்தப்போ வேற ஆள் இல்ல. நான்தான் இங்க நின்னேன். 'ஹலோ, கேக்குதா'ன்னார். 'கேக்குது'ன்னேன். அடுத்த வாரம் 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தி'ன்னார். 'ஆமா'ன்னேன். அதுக்கடுத்த வாரம் 'சாப்டாச்சா'ன்னார். சிரிக்காதீங்க. என்னைச் சாப்டாச்சான்னு ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? மேல போனா அவர் ஒரு பக்கம் பார்ப்பார், நான் ஒரு பக்கம் பார்ப்பேன். எங்க பேச்சு மொத்தமும் இந்தக் குழாய்லதான். போன மாசம் 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'னார். மேல ஓடிப்போய், குழாய்ல ஏதோ அடைப்புன்னு சொல்லிட்டேன். அதுல இருந்து வேற யாராவது இருந்தா அவங்களை இங்க நிறுத்திடுவேன். யாரும் இல்லைன்னா ரிப்பேர்னு சொல்லிடுவேன்."

"பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா ஏம்மா டீ வைக்கறேன்?" சள்ளென்று விழுந்தார். பிறகு குரல் இறங்கியது. "அவர் கேட்டா நான் பதில் சொல்லணும்ல? சரின்னு சொன்னா ஊர் சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனா அவருக்குத் தெரிஞ்சது குழாய்ல வர்ற குரலும் இந்தக் காக்கிச் சட்டையும்தான். பக்கத்துல இருந்து பார்த்து, இவ்வளவுதானான்னு தோணிடுச்சுன்னா? முடியாதுன்னு சொன்னா, அடுத்த வாரத்துல இருந்து வர மாட்டார். கேட்காமலே இருந்தா புதன்கிழமையாவது இருக்கும். அது எனக்குப் போதும்."

நான் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தெரியாது.

"இனிமே புதன்கிழமை இல்லக்கா. ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போறாராம். ஒரேயடியா."

அவர் சாவிக்கொத்தின் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பிறகு, "வேற என்ன சொன்னார்?"

"நீங்க இருங்கன்னு சொன்னா இருந்துடுவாராம்."

எழுந்தார். குழாயின் வாயை முந்தானையால் துடைத்தார். தூசி எதுவும் இல்லை. குனிந்து வாயை வைத்தார். நான் கதவுப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். ஆனால் அந்த அறை சின்னது.

"இருங்க" என்றார்.

காதை வைத்துக் கேட்டார். எதுவும் வரவில்லை. மறுபடி வாயை வைத்து, "கேக்குதா? இருங்கன்னு சொல்றேன்" என்றார். மறுபடி காது. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவர் முகத்தில் அழுகையா கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"பில் வரும்னு சொல்லிட்டுப் போயிட்டாரா அந்த மனுஷன்?"

படியேறி ஓடினோம். தளபதியின் அறையில் யாரும் இல்லை. கல்மேசைமேல் மடக்குக்குடை மட்டும் கிடந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் பதிலுக்கு நிற்காமலே பழகியவர், வாழ்க்கையில் மிகப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டும் அதையே செய்திருந்தார். கேட்டார், காதை வைக்கவில்லை, கிளம்பிவிட்டார். அல்லது, வைத்தால் என்ன கேட்குமோ என்று பயந்திருக்கலாம்.

வெளியே வந்தபோது கீழே மேட்டில் பஸ் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. கர்னல் சுரங்க வாசலில் நின்றுவிட்டார். கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறை வாசலிலும் "யாராவது இருந்தா வந்துடுங்க" என்று குரல் கொடுத்து, பூட்டிக்கொண்டே மேலே வருவதுதான் அவர் வழக்கம். கதவு திறந்திருக்கும்போது அவர் வாசலைத் தாண்டக்கூடாது.

"நான் காவலுக்கு நிக்கறேன்க்கா, நீங்க போங்க."

"நீங்க பார்வையாளர். உங்களை நம்பி விட முடியாது."

"அப்போ போகாதீங்க."

என்னை முறைத்தார். பிறகு இரும்புக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கையில் குடையோடு மேட்டில் இறங்கினார். ஓடவில்லை. ஓடினால் இன்னும் மானம் போகும் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த நடைக்கு நான்தான் ஓட வேண்டியிருந்தது.

பஸ் நின்றிருந்தது. சந்தையிலிருந்து திரும்பும் கூட்டம், படிவரை ஆள். ஜன்னலோரம் மீட்டர்காரர், முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு. நான் முண்டியடித்து ஏறிக்கொண்டேன். ஏழு மணிக்குள் செய்தியைக் கொடுக்க வேண்டும். கண்டக்டர் தலையை நீட்டினார்.

"என்ன கர்னல், குடையைத் தூக்கிக்கிட்டுப் படையெடுத்து வர்றீங்க?"

கர்னல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். மீட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதை நான் அப்போதுதான் கண்டேன். மொத்த பஸ்ஸும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. கர்னலுக்கு வாய் திறந்தது. குரல் வரவில்லை. கடைசியில் வந்தது அந்த அச்சுக் குரல்தான்.

"பார்வையாளர்கள் கவனத்திற்கு. கீழ்த்தளம் இன்னும் காட்டப்படவில்லை. சுற்றிப் பார்ப்பதை முடிக்காமல் பாதியில் செல்ல அனுமதி இல்லை."

"நான் எல்லாம் பார்த்துட்டேனே" என்றார் மீட்டர்காரர் குழப்பமாக. "நிறைய தடவை பார்த்துட்டேன்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கர்னலின் காது சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஒரு கால் திரும்பியும்விட்டது.

"இருங்க" என்றார்.

இன்ஜின் இரைச்சல். "என்ன சொல்றீங்க?"

"இருங்கன்னு சொல்றேன்! கீழயும் சொன்னேன். நீங்கதான் நிக்கல."

"நீங்க பதிலே சொல்லலையேன்னு..."

"சொல்றதுக்குள்ள ஓடிட்டா எங்கிருந்து சொல்றது? வீடுவீடா இதையேதானே பண்ணீங்க?"

மீட்டர்காரர் எழுந்து நின்றார். எழுந்தவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா முழிக்கறே? அந்தம்மா இருக்கச் சொல்லுது. இருக்கறதுன்னா இறங்கு, இல்லன்னா உட்காரு. என் கால் மேல நிக்காதே."

"இறங்கற ஆள் சீக்கிரம் இறங்குங்க" என்றார் கண்டக்டர். "அடுத்த பஸ் எட்டு மணிக்குத்தான் சார், யோசிச்சுக்கோங்க."

மீட்டர்காரர் யோசித்தார். அது எல்லோருக்கும் தெரிந்தது. கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய்ப் பேனாக்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து இறங்கினார். விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது.

நான் பின்கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் சாலையோரத்தில், நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு நின்றிருந்தார்கள். கர்னல் குடையை நீட்டினார், அவர் வாங்கிக்கொண்டார். கர்னல் மேலே திறந்து கிடக்கும் கதவைக் கையால் காட்டிவிட்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார். மீட்டர்காரர் அதே மூன்றடி பின்னால் தொடர்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரும் கூட வரட்டும் என்று கர்னல் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மீட்டர்காரரும் நின்றுவிட்டார்.

கர்னல் திரும்பிப் பார்த்தார். மீட்டர்காரர் ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் பஸ் வளைவில் திரும்பியது.